ஆவாரம்பூவின் பத்துக் கேசரம்

பூவைக் கையால் தொடாமலே பூவைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசுகிற மனுஷனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் பெண்களைப் படிப்பித்து வாத்திச்சிகளாக அனுப்புகிற ஒரு பள்ளிக்கூடத்தில், இரண்டு வருஷம் அந்த மனுஷனுக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்களுக்குச் செடிப் பாடம் எடுத்தவர் அவர். வெயில் கொளுத்துகிற சித்திரையிலும் கறுப்புக் கோட்டு. கோட்டுப் பையில் ஒரு பூதக்கண்ணாடி. அதை வெளியே எடுப்பார், வேட்டி நுனியால் துடைப்பார், திரும்பப் பையில் போடுவார். அதன் வழியாக அவர் ஒரு இலையைக்கூடப் பார்த்து நான் கண்டதில்லை. ஆனால் கண்ணாடி மட்டும் பளபளவென்று இருக்கும், அதில் குறை சொல்லக் கூடாது.

நான் ஆசைப்பட்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் இல்லை. வேறு கதி இல்லாமல் போனவள். என் வீட்டுக்காரர் எங்கள் சபையில் வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாராக இருந்தார். கல்யாணமான நாலாம் வருஷம் வாந்திபேதி வந்து இரண்டே நாளில் போய்விட்டார். இடுப்பில் ஒரு பெண்குழந்தையோடு வள்ளியூர்ப் பக்கம் என் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் நல்லவன், அதாவது வாயைத் திறக்காதவன். அந்த வீட்டில் திறக்கிற வாய் எல்லாம் மதினியுடையது. "வந்தது வந்துட்டே. சும்மா இருந்து சாப்பிட முடியுமா? அங்கன காட்டுல எல்லாரும் ஆவாரை வெட்டுதாங்க, நீயும் போ" என்றாள். போன மூன்றாம் நாளே என் கையில் அரிவாளைக் கொடுத்துவிட்டாள்.

அப்படித்தான் எனக்கு ஆவாரை பழக்கம். அதை யாரும் நடுவதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. செவக்காடு, பாறை இடுக்கு, வண்டிப்பாதை ஓரம், எங்கே மற்ற செடி எல்லாம் வாழமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளுமோ அங்கே அது நிற்கும். இடுப்பு உயரம், வெட்டாமல் விட்டால் ஆள் உயரம். அடியிலிருந்தே நாலாபக்கமும் கிளை பிரிந்துவிடும். ஒரு காம்பில் எதிரெதிரே எட்டு ஜோடி, பத்து ஜோடி சின்ன இலைகள். நுனியில் ஒற்றையாக ஒன்று நிற்காது, ஜோடியாகவே முடியும். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் ஊசிமுனை போல ஒரு முளை நிமிர்ந்து இருக்கும். இலைக்காம்பு கிளையோடு சேருகிற இடத்தில் இரண்டு பக்கமும் இரண்டு பெரிய காது. காதேதான், வேறு என்ன சொல்ல? இலை உதிர்கிறவரைக்கும் அந்தக் காது விழாது. பூவும் காயும் இல்லாத நாளில்கூட அந்தக் காதைப் பிடித்தே இது ஆவாரை என்று சொல்லிவிடலாம்.

கிளையை வெட்டி, கட்டையால் தட்டி, பட்டையை உரித்துக் காயப்போட வேண்டும். தோல் கிடங்குக்காரர் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் அழுகிப் போகாமல் கெட்டிப்படுத்துகிற துவர்ப்பு அந்தப் பட்டையில்தான் இருக்கிறது. அந்தச் சாறும் அரிவாள் இரும்பும் சேர்ந்து கையில் பட்டால் விரல் எல்லாம் மை பூசினது போலக் கறுத்துவிடும். எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் போகாது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டே ஜெபம் பண்ணுவேன்.

என் மகளுக்கு நாலு வயசு ஆனபோது குருவானவர் ஒரு வழி சொன்னார். எழுதப் படிக்கத் தெரிந்த விதவைகளைப் பாளையங்கோட்டையில் இரண்டு வருஷம் படிக்க வைக்கிறார்கள். பாஸானால் ஏதாவது ஊரில் வேலையும் குடியிருக்க ஒரு வீடும் உண்டு. ஆனால் படிக்கிற இரண்டு வருஷமும் குழந்தையை உடன் வைத்துக்கொள்ளக் கூடாது. மதினியிடம் பிள்ளையை விட்டுவிட்டு வண்டி ஏறினேன். பிள்ளை அழவில்லை. எனக்குத்தான் நாங்குநேரி தாண்டுகிறவரைக்கும் கண் தெரியவில்லை.

முதல் வருஷக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போனேன். வாசலில் பட்டைக் குவியல். அதன் நடுவில் என் மகள் காலை நீட்டி உட்கார்ந்து கட்டையால் கிளையைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். ஐந்து வயசு. பத்து விரலும் கறுப்பு. "ஏன் மதினி, பச்சப் பிள்ளையப் போய்..." என்று தொடங்கினேன். "கை பழகட்டும். நீ பாஸாகாட்டி ரெண்டு பேருக்கும் இதுதான் சோறு. இன்னும் ஆறு வருசத்துல ஒரு மாப்பிள்ளையப் பாத்துத் தள்ளிவிட்டா என் பாரம் குறையும்" என்றாள். அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். அன்றைக்கே முடிவு பண்ணினேன்: பாஸாக வேண்டும், பிள்ளையை அந்த வாசலிலிருந்து தூக்க வேண்டும், எதைச் செய்தாவது.

இப்போது வாத்தியாரிடம் வருகிறேன். அவருடைய செடிப் பாடம் என்பது ஒரு புத்தகம். மேலிடத்திலிருந்து வந்த புத்தகம். சீமைச் செடிகளைப் பற்றி யாரோ துரை எழுதினதை யாரோ ஒரு புண்ணியவான் தமிழில் ஆக்கியிருந்தார். நம்மூர்ப் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமே என்று அங்கங்கே நம்மூர்ச் செடிகளின் பேரைச் சொருகிவிட்டார். நெற்றுக் காய்க்கிற செடி எல்லாம் அவருக்கு ஒரே ஜாதி. 'வண்ணத்துப்பூச்சி போன்ற பூவுடைய செடிகள்' என்று தலைப்புப் போட்டு, அதற்குக் கீழே துவரை, கொள்ளு, அகத்தி, ஆவாரை என்று வரிசையாக அடுக்கியிருந்தார். பிறகு அடையாளம்: மேலே கொடி போல ஓர் இதழ், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறகு, கீழே தோணி போலச் சேர்ந்த இரண்டு இதழ். உள்ளே கேசரம், அதாவது மகரந்தத் தூள் தாங்கி நிற்கிற காம்பு, பத்து. ஒன்பது சேர்ந்து ஒரு குழல், ஒன்று தனி.

துவரைக்குச் சரி. அகத்திக்குச் சரி. ஆவாரைக்கு? கொடி எங்கே, தோணி எங்கே? ஆவாரம்பூவைப் பார்த்தவன் எவனாவது அதை வண்ணத்துப்பூச்சி என்பானா? இதைக் கேட்க அந்த வகுப்பில் ஒரு நாதி இல்லை. அத்தனை பேரும் காட்டிலும் வயலிலும் வளர்ந்த பெண்கள்தான். ஆவாரை இலையைத் தலையில் வைத்துக் கட்டிக்கொண்டு வெயிலில் நடந்தவர்கள்தான். ஆனால் மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் கண்ணைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, 'ஒன்பது சேர்ந்தது, ஒன்று தனி, ஒன்பது சேர்ந்தது, ஒன்று தனி' என்று வேதப்புத்தகத்துச் சங்கீதம் ஒப்பிக்கிற மாதிரி ஆடிக்கொண்டே ஒப்பிப்பார்கள். கிளிகள்! இல்லை, கிளியாவது பழத்தைக் கொத்திப் பார்த்துத்தான் தின்னும்.

ஒருநாள் நானே ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு போய் மேசைமேல் வைத்தேன். வாத்தியார் இரண்டு அடி பின்னால் போனார். "ஏம்மா, அது தோல் ஊறப்போடுத சாமான்லா? அதைக் கொண்டுபோயி மேசைமேல வைக்கியே! பைய எடு, எடு" என்றார். சபையில் எல்லாரும் ஒரே பிதாவின் பிள்ளைகள் என்று சொல்லுகிற வாய் அது. நான் எடுத்தேன். மேசையைத் துடைக்கவும் சொன்னார், துடைத்தேன். அதைப் பார்த்துச் சிரித்த பெண்களில் இரண்டு பேருடைய வீட்டில் ஆவாரம்பட்டைதான் அடுப்பெரிய வைத்தது என்று எனக்குத் தெரியும்.

பரீட்சை வந்தது கோடையில். கையில் ஒரு பூவைக் கொடுப்பார்கள், அதைப் பார்த்து விவரம் எழுத வேண்டும். அந்த வருஷம் மழை பொய்த்து ஊரே காய்ந்து கிடந்தது. தோட்டத்தில் ஒரு பூ இல்லை. இருபத்திரண்டு பேருக்கும் ஒரே மாதிரி பூ வேண்டுமே, எங்கே போவார்? மேசையில் வைக்கக் கூடாத அந்தச் சாமானைத்தான் ஆள் விட்டுக் குளத்தங்கரையிலிருந்து கட்டுக்கட்டாக வெட்டிக்கொண்டு வரச் சொன்னார். ஆளுக்கு ஒரு கொத்து. தானாகத் தொடாமல் காவற்காரரை விட்டு எங்களுக்கு முன்னால் வைக்கச் சொன்னார்.

எனக்குள் ஒரு குதூகலம், சொல்லி முடியாது. இதில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? ஆனாலும் புதிதாகப் பார்க்கிறவள் மாதிரி பூவைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். புல்லிதழ் ஐந்து, ஒன்று பெரிது, ஒன்று சின்னது, ஒரே அளவில் இல்லை. மஞ்சள் இதழ் ஐந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டாதவை, ஓரம் சுருங்கினவை, உள்ளே ஆரஞ்சு நிறத்தில் நரம்பு ஓடுகிறது. கேசரம் பத்து, பத்தும் தனித்தனி. மேலே உள்ள மூன்று சூம்பிப்போனவை, தூள் இல்லாத வெறும் பதர். நடுவில் நாலு, சின்னவை. கீழே மூன்று, நீளமாக வளைந்து பெரிதாக இருக்கின்றன. தூள் பை பக்கவாட்டில் வெடிக்காது, நுனியில் ஊசித்துளை மாதிரி ஓட்டை; கருவண்டு வந்து ரீங்காரம் போட்டு உலுக்கினால்தான் தூள் கொட்டும். நாக்கை வைத்துப் பார்த்தேன், தேன் கிடையாது. சூல் தண்டு நடுவில் நிற்காமல் ஒரு பூவில் இடது பக்கம் வளைந்திருக்கிறது, அடுத்ததில் வலது பக்கம். காய் தட்டை, காகிதம் போல மெலிசு, ஒவ்வொரு விதைக்கும் ஓர் அறை. எல்லாவற்றையும் எழுதினேன். இலைக்காம்பின் காதையும் விடவில்லை. 'இது வண்ணத்துப்பூச்சி போன்ற பூ அல்ல' என்று கடைசியில் ஒரு வரியும் போட்டேன். போட்ட கையை இப்போது நினைத்தாலும் எனக்கு மரியாதையாகத்தான் இருக்கிறது.

இருபத்தொரு பேர் பாஸ். நான் ஒருத்தி பெயில். செடிப் பாடத்தில் மட்டும்தான். ஆனால் ஒன்றில் தவறினால் எல்லாவற்றிலும் தவறின மாதிரி. ஓர் ஆவாரம்பூவைப் பறித்துக்கொண்டு நேரே வாத்தியாரிடம் போனேன்.

"ஐயா, இதை எண்ணிப் பாருங்க. பத்தும் தனித்தனியா நிக்கி."

அவர் பூவைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். இரண்டு வருஷம் ஆகியும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. "புத்தகம் எழுதினவரு உன்னைவிடப் படிப்புக் குறைஞ்சவரா? நீ பட்டை உரிச்சவ. பட்டை உரிக்கிற கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்" என்றார்.

"உரிச்சவளுக்குத் தெரியாட்டி வேற யாருக்குய்யா தெரியும்? நீங்க அதைத் தொட்டாவது பாத்திருக்கீங்களா?"

"வாய் ரொம்ப நீளுது" என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் முதுகைப் பார்த்துக் காறித் துப்பினேன். தப்புதான். ஆனால் மனசுக்கு இதமாக இருந்தது.

பள்ளிக்கூடத்துத் தலைவி ஒரு வெள்ளைக்கார துரைசானி. வேதப்புத்தகத் தமிழில்தான் பேசுவாள். அவளிடம் பூவோடு போய் அழுதேன். அவள் உண்மையிலேயே பார்த்தாள். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஜன்னல் பக்கம் போய், பூதக்கண்ணாடி வைத்து, ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பத்தையும் வெள்ளைக் காகிதத்தில் வரிசையாக வைத்தாள். பிறகு நிமிர்ந்து, "நீ சொல்லுகிறது மெய்யே" என்றாள். எனக்கு உயிர் வந்தது. "ஆனாலும் சோதனை புத்தகத்தின்படியே நடக்கிறது. நீ சொல்லுகிறதை ஒப்புக்கொண்டால் மற்ற இருபத்தொரு பேரும் தவறினவர்கள் ஆவார்கள். அது பள்ளிக்கூடத்துக்கு நல்லதல்ல. மூன்று மாதம் பொறுத்திரு, மறுபடியும் எழுது. இந்த முறை கீழ்ப்படிதலோடு எழுது."

வாத்தியாரை நான் மன்னித்துவிடுவேன். அவர் குருடர். இவளுக்குக் கண் இருந்தது, கண்ணாடி இருந்தது, ஊசி இருந்தது, மெய் எது என்று தெரிந்தும் இருந்தது. தெரிந்துகொண்டு காகிதத்தை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். போட்டுவிட்டு எனக்காக ஜெபம் பண்ணினாள். சீ!

மூன்று மாதமும் விடுதிச் சமையல்கட்டில் வேலை செய்துகொண்டு இருந்தேன். மதினிக்குத் தகவல் எட்டிவிட்டது. 'பிள்ளைக்குக் கை நல்லாப் பழகிட்டுது, இனி நீ வந்தாலும் வராட்டியும் ஒன்னுதான்' என்று யாரிடமோ சொல்லி அனுப்பினாள். அதற்குமேல் எனக்கு யோசிக்க என்ன இருக்கிறது? மறு பரீட்சையிலும் அதே ஆவாரைதான் வைத்தார்கள். மழை அப்போதும் இல்லை. அழகான கையெழுத்தில் எழுதினேன்: மேலே கொடி, பக்கத்தில் சிறகு, கீழே தோணி. கேசரம் பத்து. ஒன்பது சேர்ந்தது, ஒன்று தனி. எழுதும்போது பூ என் முகத்துக்கு நேரே இருந்தது. அதை ஒரு தாளால் மூடி வைத்துவிட்டு எழுதினேன்.

வாத்தியார், புதிதாகச் சேர்ந்திருந்த வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "இப்போதாம்மா நீ பூவை ஒழுங்காப் பாத்திருக்கே." நான் "ஆமாய்யா" என்றேன்.

முக்கூடலில் வேலை கிடைத்தது. ஆற்றங்கரைப் பக்கம் ஓர் அறை, ஓர் அடுப்படி. வள்ளியூருக்கு வண்டி கட்டிக்கொண்டு போய், மதினியிடம் ஒரு வார்த்தை பேசாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மகள் என்னோடு படுத்தாள், என்னோடு சாப்பிட்டாள், என்னிடமே எழுத்துப் படித்தாள். கெட்டிக்காரி. ஒரு தடவை கேட்டதை மறக்க மாட்டாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம், அந்தப் பொய்யை எழுதினது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சரிதான். இன்றைக்கும் சரி என்றுதான் சொல்லுவேன்.

முக்கூடலில் பத்து வருஷம் ஓடியது. சீமையில் சண்டை தொடங்கின சமயம் அந்த வாத்தியார் வயசாகி வேலையை விட்டார். அவர் இடத்துக்கு என்னையே பாளையங்கோட்டைக்கு மாற்றினார்கள். அதே மேசை. அதே புத்தகம், அட்டை மட்டும் புதிது. பாடம் எடுத்தேன். ஒன்பது சேர்ந்தது, ஒன்று தனி. வேறு என்ன சொல்ல? அந்தப் பெண்களிலும் விதவைகள் இருந்தார்கள், எங்கேயோ விட்டுவிட்டு வந்த பிள்ளைகள் இருந்தார்கள். நான் மெய்யைச் சொல்லிக்கொடுத்து அவர்கள் தவறினால் யார் சோறு போடுவது?

ஆனால் ஒரு காரியம் செய்தேன். பாடம் எடுக்கும்போதெல்லாம் ஆவாரங்கொத்தை ஆளுக்கு ஒன்றாகக் கையில் கொடுத்துவிடுவேன். யாராவது ஒருத்தி எழுந்து நின்று, 'டீச்சரம்மா, அப்படி இல்லையே' என்று சொல்லட்டும், சொன்னால் அவள் பக்கம் நின்று புத்தகத்தைக் கிழித்துப் போடுவேன் என்று மனசுக்குள் ஒரு வீராப்பு. முதல் வருஷம் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் வருஷமும் இல்லை. பூவைத் தூக்கி வைத்துவிட்டு ஒப்பித்தார்கள். மரக்கட்டைகள். எனக்கு அவர்களைப் பார்க்கப் பார்க்க அப்படி ஓர் ஏளனம்.

மூன்றாம் வருஷம் என் மகள் அந்த வகுப்புக்கு வந்தாள். நான் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லக் கூடாது, அவளாகப் பார்க்க வேண்டும் என்று இருந்தேன். பால் குடி மறந்த நாளிலிருந்து அந்தச் செடிக்கு நடுவில் கிடந்தவள். மற்றவளுகள் கிடக்கட்டும், இவள் சொல்லுவாள் என்று எனக்கு நிச்சயம்.

பரீட்சை அன்று நான்தான் காவல். ஆவாரங்கொத்தை வைத்தேன். என் மகள் தலையைக் குனிந்தவள் நிமிரவில்லை. எல்லாருக்கும் முன்னால் எழுதி முடித்தாள். தாளை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு, தனக்கு வைத்திருந்த பூவை எடுத்துச் சடையில் செருகிக்கொண்டு வெளியே போனாள். தாளை எடுத்துப் பார்த்தேன். முத்து முத்தான எழுத்து. ஒன்பது சேர்ந்தது, ஒன்று தனி.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏட்டி, அந்தப் பூவை எண்ணிப் பாத்தியா?"

"எண்ணணுமாம்மா? நீங்க சொல்லித் தந்ததுதானே. பத்து. ஒன்பது சேந்தது, ஒன்னு தனி."

எனக்கு ஆத்திரம் பொங்கி வந்தது. அவள் சடையிலிருந்து பூவை உருவி, இதழைப் பிய்த்துப் போட்டு, கேசரத்தை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அவளுக்கு முன்னால் வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தம் போட்டு எண்ணி வைத்தேன். பத்தும் தனித்தனியாகக் கிடந்தன. "இப்பப் பாரு. நல்லாக் கண்ணைத் திறந்து பாரு. எங்கட்டி சேந்திருக்கு?"

அவள் குனிந்து பார்த்தாள். நிதானமாகத்தான் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "இந்தப் பூவுலதாம்மா ஏதோ கோளாறு. வேற பூ பறிச்சிட்டு வரட்டா?" என்றாள்.

வாத்தியாரைப் பார்த்துத் துப்பினேன், துரைசானியைப் பார்த்து மனசுக்குள் துப்பினேன். இப்போது யாரைப் பார்த்துத் துப்ப? "வேண்டாம், போய்ச் சாப்பிடு" என்றேன். அவள் போனதும் மைக்கூட்டை எடுத்துவைத்து, அவள் தாளில் முழு மார்க் போட்டேன்.